பொறுப்பு ஒருவரிடம், அதிகாரம் வேறிடம்: படை மருத்துவர் ஜான் மார்கன் பதவி நீக்கம், 1777 – ஒரு நிகழ்வு ஆய்வு

1777 ஜனவரி 9 அன்று, அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படைக்கு அஞ்சிப் பிலடெல்பியாவை விட்டு பால்டிமோர் நகரில் கூடியிருந்த அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவையான கான்டினென்டல் காங்கிரஸ், டாக்டர் ஜான் மார்கனையும் டாக்டர் சாமுவேல் ஸ்ட்ரிங்கரையும் பணியிலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டது. மார்கன் படை மருத்துவமனைகளின் தலைமை இயக்குநர். ஸ்ட்ரிங்கர் வட பகுதி மருத்துவமனையின் இயக்குநர். தீர்மானத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மார்கனிடம் விளக்கம் கேட்கப்படவில்லை, விசாரணையும் நடக்கவில்லை. பதினான்கு மாதங்களுக்கு முன்பு இதே காங்கிரஸ்தான் அவரை அந்தப் பதவிக்குத் தேடி எடுத்தது. இரண்டரை ஆண்டுகள் கழித்து, அவர் திறமையாகவும் நேர்மையாகவும் பணியாற்றினார் என்று எழுதிக் கொடுத்ததும் இதே காங்கிரஸ்தான்.

இந்த மூன்று முடிவுகளும் ஒரே மனிதரைப் பற்றியவை. இடைப்பட்ட காலத்தில் மார்கன் மாறிவிடவில்லை. மருத்துவத் துறையை அமைத்த விதியில் இருந்த ஓட்டை அவரைப் பதவியிலிருந்து தள்ளியது என்பதும், அந்த ஓட்டையைச் சமாளிக்கத் தேவையான இணக்கம் அவருடைய இயல்பிலேயே இல்லை என்பதும் என் கருத்து. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது விளங்கும்.

மார்கன் 1735இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை வேல்ஸ் நாட்டு வழிவந்த வணிகர். அக்காலத்துக் குடியேற்றங்களில் மருத்துவக் கல்லூரி என்று ஒன்றும் கிடையாது. மருத்துவராக விரும்பும் இளைஞன் மூத்த மருத்துவர் ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் தொண்டூழியம் போல் இருந்து, மருந்து இடிப்பதில் தொடங்கி, இரத்தம் வெளியேற்றுவது, எலும்பு கட்டுவது வரை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வதே வழி. மார்கனும் அவ்வூரின் மதிப்புக்குரிய மருத்துவர் ஜான் ரெட்மனிடம் அப்படிக் கற்றார்; 1751இல் நிறுவப்பட்ட பென்சில்வேனியா மருத்துவமனையில் மருந்தாளராகவும் ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தார். இடையே பிலடெல்பியா கல்லூரியில் படித்து, 1757இல் அங்கு பட்டம் பெற்ற முதல் அணியில் ஒருவரானார்.

1758இல் பென்சில்வேனியா மாகாணப் படையில் சேர்ந்தார். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து டியூக்கேன் கோட்டையைக் கைப்பற்ற ஜெனரல் ஃபோர்ப்ஸ் தலைமையில் மலைக்காடுகளை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டே சென்ற படை அது. அந்தக் கோட்டை இருந்த இடத்தில்தான் இன்று பிட்ஸ்பர்க் நகரம் நிற்கிறது. படை மருத்துவராக மார்கன் பெற்ற முதல் பட்டறிவு இந்த எல்லைப் போரில் கிடைத்தது. நற்செயல்களால் ஒருவர் சொர்க்கம் பெற முடியுமென்றால், நோயாளிகளிடம் காட்டிய கவனத்துக்காக மார்கன் அதைப் பெறுவார் என்று அந்நாளில் சொல்லப்பட்டதைத் தாம் கேட்டதாக, பின்னாளில் மருத்துவத்தில் பெயர் பெற்ற பெஞ்சமின் ரஷ் பதிவு செய்திருக்கிறார். பின்னர் நோயாளிகளைப் புறக்கணித்தவர் என்று மார்கன் மீது பழி வந்ததை எண்ணும்போது, இந்தச் சான்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1760இல் அவர் கடல் கடந்தார். லண்டனில் வில்லியம் ஹன்டர், ஜான் ஹன்டர் சகோதரர்களிடம் உடற்கூறு கற்றார். எடின்பரோவில் 1763இல் மருத்துவப் பட்டம் பெற்றார். புண்ணில் சீழ் எப்படி உண்டாகிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். சீழ் என்பது அழுகிக் கரைந்த சதை என்று பொதுவாக நம்பப்பட்டபோது, அது இரத்தக் குழாய்களிலிருந்து சுரந்து வருவது என்று வாதிட்டார். பாரிஸில் அறுவை மருத்துவக் கழகத்தின் முன், உறுப்புகளின் நுண்குழாய்களுக்குள் மெழுகு போன்ற பொருளைச் செலுத்திப் பாதுகாக்கும் முறையை விளக்கினார். பாதுவா நகரில், நோய்க்கூறு இயலின் தந்தை எனப்படும் முதிய மோர்கான்யியைச் சந்தித்தார். முப்பது வயது நிரம்பும் முன்பே, 1765இல், லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினராகி ஊர் திரும்பினார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வெடித்த பகை இந்த 1765இல்தான் விதையாக விழுந்தது.

அந்த ஆண்டு மே 3 அன்று பிலடெல்பியா கல்லூரியின் அறங்காவலர்கள் மார்கனை மருத்துவக் கோட்பாடு, நடைமுறை ஆகியவற்றின் பேராசிரியராக நியமித்தார்கள். பின்னாளில் அமெரிக்காவாக உருவான பதின்மூன்று குடியேற்றங்களில் முதல் மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் அதுவே. அம்மாத இறுதியில் நடந்த பட்டமளிப்பு விழாவில், மருத்துவப் பள்ளிகளை அமைப்பது குறித்து மார்கன் நீண்டதொரு உரை நிகழ்த்தினார். மருத்துவம், அறுவை, மருந்து தயாரிப்பு ஆகிய மூன்றும் தனித்தனித் தொழில்கள், மூன்றையும் ஒருவரே செய்தால் எதுவும் உருப்படாது என்பது அவ்வுரையின் உயிர்நாடி. தாம் மருந்து விற்கப் போவதில்லை, அறுவையும் செய்யப் போவதில்லை என்று அறிவித்து, மருந்து கலக்கத் தனி ஆளை இங்கிலாந்திலிருந்து அழைத்தும் வந்தார். கையில் மருந்துப் பெட்டியோடு வீடு வீடாகச் சென்று, மருந்தின் விலையிலேயே தம் கூலியையும் சேர்த்து வாங்கிப் பிழைத்துவந்த உள்ளூர் மருத்துவர்களுக்கு இந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அதிகம் புண்பட்டவர் வில்லியம் ஷிப்பன். அவரும் பிலடெல்பியாக்காரர்; மார்கனைவிட ஓராண்டு இளையவர்; இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்; அவரும் ஹன்டரிடம் கற்று, எடின்பரோவில் பட்டம் பெற்றவர். மார்கனுக்கு முன்பே, 1762இல், ஊர் திரும்பி உடற்கூறு விரிவுரைகளைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார். மருத்துவப் பள்ளி வேண்டும் என்பது தம்முடைய நெடுநாள் எண்ணம், அதைப் பொதுமேடையில் மூன்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டேன், இங்கிலாந்தில் மார்கனிடமே முதலில் பகிர்ந்துகொண்டேன், அவர் வந்து சேரட்டும் என்றுதான் காத்திருந்தேன் என்று 1765 செப்டம்பரில் அறங்காவலர்களுக்கு எழுதினார். அவர்களும் அவரை உடற்கூறு, அறுவைத் துறைகளின் பேராசிரியராக நியமித்தார்கள். காத்திருந்த நண்பனைக் கலந்துகொள்ளாமல் மார்கன் தனியே போய்ப் பதவி வாங்கிக்கொண்டது சரியன்று என்றே நான் கருதுகிறேன். அறிவாற்றலில் யார் பெரியவர் என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை. இருவரும் ஒரே கல்லூரியில் பாடம் நடத்தினார்கள். 1768 ஜூனில் பத்து மாணவர்கள் இளநிலை மருத்துவப் பட்டம் பெற்று வெளியேறினார்கள். ஆனாலும் மனக்கசப்பு ஆறவில்லை.

பிரிட்டனோடு போர் வந்தது. 1775 ஜூலை 27 அன்று காங்கிரஸ் 20,000 பேர் கொண்ட படைக்கு ஒரு மருத்துவமனை அமைப்பை உருவாக்கியது. நாளொன்றுக்கு 4 டாலர் சம்பளத்தில் தலைமை இயக்குநரும் தலைமை மருத்துவருமாக ஒருவர், அவருக்குக் கீழே நான்கு அறுவை மருத்துவர்கள், ஒரு மருந்தாளர், இருபது துணை மருத்துவர்கள், பத்து நோயாளிகளுக்கு ஒரு செவிலி. மருந்து வாங்குவது, பண்டகசாலையைப் பார்த்துக்கொள்வது, சிகிச்சையை மேற்பார்வையிடுவது ஆகிய அனைத்தும் இயக்குநரின் பொறுப்பு. ஆனால் ஒவ்வொரு படைப்பிரிவோடும் ஏற்கெனவே இருந்த மருத்துவர்களைப் பற்றி அந்தத் தீர்மானம் வாயே திறக்கவில்லை. அவர்களை நியமித்தவை அந்தந்தக் குடியேற்றங்கள். அவர்கள் இயக்குநருக்குக் கட்டுப்பட்டவர்களா, அவர்களுடைய கூடாரங்களில் கிடக்கும் நோயாளிகளுக்கு மருந்தும் பத்தியமும் யார் தருவது என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை. இவ்வழக்கின் முடிச்சு இதுதான்.

முதல் தலைமை இயக்குநரான பெஞ்சமின் சர்ச், பாஸ்டனிலிருந்த பிரிட்டிஷாருக்குச் சங்கேத எழுத்தில் கடிதம் அனுப்பியது பிடிபட்டு, அதே ஆண்டு அக்டோபரில் சிறைப்பட்டார். அவருடைய இடத்துக்கு அக்டோபர் 17 அன்று மார்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பாஸ்டன் அருகே இருந்த கேம்பிரிட்ஜ் முகாமுக்கு வந்துசேர்ந்தபோது, துரோகியாகிப் போன ஒருவர் விட்டுச்சென்ற துறையில் கணக்கும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. மார்கன் தமக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். மருத்துவர்களுக்கும் துணை மருத்துவர்களுக்கும் தேர்வு வைத்தார். நோயாளிகளின் பட்டியலும் மருந்துக் கணக்கும் தவறாமல் தர வேண்டும் என்றார். வீணாகச் செலவானதைச் சுருக்கினார். இவை எல்லாம் தேவையானவைதாம். ஆனால் தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்களில் பலர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஊரில் மருத்துவம் பார்த்தவர்கள், படைப்பிரிவில் தம் சொந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கையைப் பெற்றவர்கள். ராயல் சொசைட்டி உறுப்பினர் ஒருவர் முன் கைகட்டி நின்று பதில் சொல்ல வேண்டிய நிலையை அவர்கள் மறக்கவில்லை.

1776 மார்ச் 17 அன்று பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தார்கள். நகரில் பெரியம்மை இருந்ததால், ஏற்கெனவே அந்நோய் கண்டு பிழைத்தவர்களையே தலைமைத் தளபதி வாஷிங்டன் முதலில் உள்ளே அனுப்பினார். அங்கே விடப்பட்டிருந்த மருந்துகளைத் திரட்டுவதில் மார்கன் முனைந்தார். இதன் அருமை இன்று எளிதில் விளங்காது. குடியேற்றங்களின் மருந்துகள் பெரும்பாலும் லண்டனிலிருந்து வந்தவை. போர் அந்த வழியை அடைத்துவிட்டது. காய்ச்சலுக்கான சின்கோனாப் பட்டையும், வலிக்கான அபினும், பாதரச மருந்துகளும் கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிரிட்டிஷார் மருத்துவமனையாகப் பயன்படுத்திய பணிக்கூடம் ஒன்றில், சிதறிக் கிடந்த மருந்துகளோடு பாஷாணம் கலந்திருந்ததாக டாக்டர் ஜான் வாரன் உறுதிமொழி அளித்தார். பொறுக்கி எடுத்த பாஷாணமே 12 முதல் 14 பவுண்டு வரை இருந்ததாம். ஆகவே கிடைத்த ஒவ்வொன்றையும் சோதித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்திக்கொள்வதைப் பரிந்துரைத்து மார்கன் ஒரு சிறு நூலையும் பாஸ்டனில் வெளியிட்டார். ஆங்கில மருத்துவர் ஜென்னரின் மாட்டம்மைப் பால் தடுப்பூசி வருவதற்கு இருபதாண்டுகள் முந்திய காலம் அது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த பெரியம்மைப் பாலையே தோலில் கீறி ஏற்றினார்கள்.

படை நியூயார்க்குக்கு நகர்ந்ததும் நிலைமை முற்றிலும் மாறியது. 1776 ஆகஸ்ட் முற்பாதியில் வாஷிங்டன் காங்கிரசுக்கு அனுப்பிய கணக்கில், மொத்தப் படை 17,225 பேர். களப்பணிக்குத் தகுதியானவர்கள் 10,514 பேர் மட்டுமே. முகாமிலும் வெளியிலும் நோயுற்றுக் கிடந்தவர்கள் 3,668 பேர். இன்னும் ஒரு பெரும் போரும் நடக்கவில்லை. சீதபேதியும், அழுக்கும் நெரிசலும் உள்ள இடங்களில் பேன் வழியே பரவும் டைபஸ் காய்ச்சலும்தான் இந்த அளவுக்கு ஆள்களைப் படுக்க வைத்தன. வாள் கொன்ற ஒருவருக்கு நோய் கொன்றவர் பத்துப் பேர் என்று காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஆடம்ஸ் மறு ஆண்டு தம் மனைவிக்கு எழுதியதில் வியப்பில்லை.

இந்த நோயாளிகளில் பலர் படைப்பிரிவு மருத்துவர்களின் கையில் இருந்தார்கள். மருத்துவர்கள் மார்கனிடம் மருந்து, கட்டுத்துணி, ஒயின், சர்க்கரை, அரிசி எல்லாவற்றையும் கேட்டார்கள். படை முழுவதற்குமான பொது மருத்துவமனைக்கு மட்டுமே பண்டங்கள் வழங்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று மார்கன் சொன்னார். அவர் தெளிவு கேட்டு எழுதியதன்பேரில் காங்கிரஸ் ஜூலை 17 அன்று விதி வகுத்தது: படைப்பிரிவு மருத்துவர்கள் மருந்தும் கருவிகளும் மட்டும் பெறலாம், நோயாளிக்கு வேறு பொருள் தேவைப்பட்டால் அவரைப் பொது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சட்டப்படி மார்கன் சொன்னது சரி என்றாகிவிட்டது. களத்தில் அதன் விளைவு வேறாக இருந்தது. தம் நோயாளியைத் தாமே பார்க்க விரும்பிய மருத்துவரும், ஊர்க்காரர்களை விட்டுப் பிரிந்து அஞ்சத்தக்க பெரிய மருத்துவமனைக்குப் போக மறுத்த சிப்பாயும் ஒருபுறம் நிற்க, கஞ்சிக்கு அரிசி தர மறுப்பவர் என்ற பெயர் மார்கனுக்கு நிலைத்தது. அந்தச் சிப்பாயின் அச்சம் நியாயமானதே. நெரிசலான பொது மருத்துவமனையில்தான் காய்ச்சல் வேகமாகத் தொற்றியது.

படைப்பிரிவு மருத்துவர்கள் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்றும் சொல்ல முடியாது. அவர்களில் பலர் பெரும் கயவர்கள், கையூட்டு வாங்கிக்கொண்டு பொய் நோய்ச் சான்று தருகிறார்கள் என்று வாஷிங்டனே அவ்வாண்டு செப்டம்பரில் காங்கிரசுக்கு எழுதினார். ஆயினும் அவர்களுக்குத் தளபதிகளிடமும், தத்தம் குடியேற்றங்களின் காங்கிரஸ் உறுப்பினர்களிடமும் செல்வாக்கு இருந்தது. புகார்கள் அந்த வழியில் போய்ச் சேர்ந்தன.

வடக்கிலும் இதே கதை. கனடாவிலிருந்து பெரியம்மையோடு பின்வாங்கி வந்த படைக்கு டைகன்டரோகா கோட்டையில் மருந்து இல்லை. அங்கிருந்த ஸ்ட்ரிங்கர், தாம் மார்கனுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்றார். ஆகஸ்ட் 20 அன்று காங்கிரஸ் அளித்த தீர்ப்பில், மார்கனே தலைமை இயக்குநர் என்று ஒப்புக்கொண்டது. அதே மூச்சில், ஒவ்வொரு மருத்துவமனை இயக்குநருக்கும் தம் பகுதியில் ஆள்களை நியமிக்கும் தனி உரிமை உண்டு என்றும் சொல்லிவிட்டது. பெயரளவில் தலைவர், வடக்கில் ஆள் நியமிக்க உரிமையில்லாதவர். அப்படியிருந்தும் வடக்கில் மருந்து போதவில்லை என்ற புகார் மார்கனின் தலைமேல் விழுந்தது.

இந்த வேளையில் ஷிப்பன் வந்தார். 1776 ஜூலையில் நியூ ஜெர்சியில் இருந்த துணைப்படையின் மருத்துவமனை இயக்குநராக அவர் நியமிக்கப்பட்டார். அவருடைய மனைவி, காங்கிரஸ் உறுப்பினர்களான ரிச்சர்ட் ஹென்றி லீ, பிரான்சிஸ் லைட்ஃபுட் லீ ஆகியோரின் சகோதரி. (மார்கனின் மைத்துனர் பிரான்சிஸ் ஹாப்கின்சனும் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவரே. எனவே உறவுச் செல்வாக்கு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது என்று சொல்லுவது நியாயமாகாது.) அக்டோபர் 9 அன்று காங்கிரஸ் ஹட்சன் ஆற்றையே எல்லையாக்கி, கிழக்குக்கரை மார்கனுக்கு, மேற்கே நியூ ஜெர்சி ஷிப்பனுக்கு என்று பிரித்தது. லாங் ஐலண்டில் ஆகஸ்ட் 27 அன்று தோற்று, பின் நியூயார்க் நகரையும் இழந்து பின்வாங்கிக்கொண்டிருந்த படையின் நோயாளிகள் எந்தப் பக்கம் போவார்கள் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் செய்த பிரிவினை இது. ஷிப்பன் தம் மருத்துவமனைகள் நன்றாக நடக்கின்றன என்று மார்கனைக் கடந்து நேரே காங்கிரசுக்கு எழுதினார். மார்கன் கிழக்குக்கரையில் ஒயிட் பிளெய்ன்ஸ் சண்டையில் காயம்பட்டவர்களோடு இருந்தார். ஜனவரியில் தீர்மானம் வந்தது. ஏப்ரல் 7 அன்று, ஷிப்பனும் டாக்டர் ஜான் காக்ரனும் வகுத்த திட்டத்தின்படி மருத்துவத் துறை மறுசீரமைக்கப்பட்டு, ஆள்களும் சம்பளமும் அதிகாரமும் தாராளமாக உயர்த்தப்பட்டன. ஏப்ரல் 11 அன்று ஷிப்பன் தலைமை இயக்குநரானார். அம்மை குத்துதலைப் பரிந்துரைத்து எழுதிய மார்கன் வீட்டில் இருக்க, படை முழுவதற்கும் அம்மை குத்தும்படி வாஷிங்டன் 1777 தொடக்கத்தில் இட்ட ஆணை ஷிப்பனுக்குப் போனது.

மார்கன் அடங்கியிருக்கவில்லை. அதே ஆண்டு பாஸ்டனில் தம் தரப்பை விளக்கித் தனி நூல் வெளியிட்டார். ஆணைகள், கடிதங்கள், சான்றுகள் என்று அடுக்கி, ஷிப்பனே தம்மை வீழ்த்தினார் என்று அதில் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். வழக்கறிஞரின் நூல் போல் ஆதாரம் நிறைந்தது அது. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. படைப்பிரிவு மருத்துவர்களோடு வேறு விதமாகப் பழகியிருக்கலாமோ என்ற கேள்வி அவருக்கு எழுந்ததாகவே தெரியவில்லை. 1779 ஜூன் 12 அன்று காங்கிரஸ், வாஷிங்டன் முதலானோரின் சான்றுகளை ஏற்று, மார்கன் தம் கடமையைத் திறம்படவும் நம்பகமாகவும் செய்தார் என்று தீர்மானித்தது. நீக்கத்துக்குக் காரணம் தனிக் குற்றச்சாட்டு எதுவுமில்லை, படையில் எல்லாத் தரப்பினரிடமும் எழுந்த பொதுவான முறையீடும் அப்போதைய நெருக்கடியுமே என்று ஒப்புக்கொண்டது. பழி சுமத்த ஓர் ஆள் தேவைப்பட்டது என்பதை இதைவிட நேராக ஒரு பேரவை எழுதிவைக்க முடியாது.

மூன்றே நாளில் மார்கன் ஷிப்பன் மீது முறைப்படி குற்றம் சாட்டினார். ரஷ் அவருக்குத் துணை நின்றார். ஷிப்பனோடு மோதி 1778 ஜனவரியிலேயே படைப்பணியை விட்டு விலகியவர் அவர். 1780 மார்ச்சில் மாரிஸ்டவுனில் தொடங்கிய படை நீதிமன்ற விசாரணை மாதக்கணக்கில் நீண்டது. மருத்துவமனைக்கு உரிய பண்டங்களில் ஷிப்பன் வணிகம் செய்தது கண்டிக்கத்தக்கது என்று குறிப்பிட்டாலும், நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1781 ஜனவரியில் ஷிப்பன் பதவி விலகினார். காக்ரன் அந்த இடத்துக்கு வந்தார்.

இந்தச் சண்டைகளுக்கு நடுவே, 1778 பிப்ரவரியில், மருந்தும் பண்டமும் வாங்கும் பொறுப்பைச் சிகிச்சைப் பொறுப்பிலிருந்து காங்கிரஸ் பிரித்தது. இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இதுவே. 1765இல் மேடையேறி, மருந்துக் கடையும் மருத்துவமும் ஒரே கையில் இருக்கக்கூடாது என்று முழங்கியவர் மார்கன். பத்தாண்டு கழித்து, கொள்முதல், பண்டகசாலை, கணக்கு, சிகிச்சை, நியமனம் ஆகிய அனைத்தையும் ஒருவர் தலையில் கட்டிய பதவியை அவர் ஏற்றார். அதைப் பிரித்துத் தந்தால்தான் ஏற்பேன் என்று 1775 அக்டோபரில் சொல்லும் தகுதி அந்த நாட்டில் ஒருவருக்கு இருந்ததென்றால், அது அவருக்குத்தான் இருந்தது. அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

போருக்குப் பின் மார்கன் மெல்ல மெல்லப் பொதுவாழ்விலிருந்து ஒதுங்கினார். மனைவி மேரி 1785இல் இறந்தார், குழந்தைகள் இல்லை. 1789 அக்டோபர் 15 அன்று அவரைப் பார்க்கச் சென்ற ரஷ், சிறு குடிசை ஒன்றில், சுற்றிலும் புத்தகங்களும் தாள்களும் கிடக்க, அழுக்குப் படுக்கையில் அவர் இறந்து கிடந்ததைக் கண்டார். அவர் வீட்டில் குடியிருந்த சலவைக்காரப் பெண் ஒருத்தியே கடைசியில் அவரைக் கவனித்துக்கொண்டவள். ஒரு காலத்தில் பாதி உலகைத் தம் பெயரால் நிரப்பியவருக்கு அடக்கம் செய்யும் அளவுக்குக்கூட நண்பர்கள் மிஞ்சவில்லை என்று ரஷ் தம் குறிப்பேட்டில் எழுதினார். அம்மாதமே மார்கனின் பேராசிரியர் பதவிக்கு ரஷ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.